மாமாவின் கறுப்புத் திரை

எங்கள் வீட்டில் எல்லாமே அப்பா பெயரில்தான் இருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்து ஊழியர் குடியிருப்பில் வீடு அப்பா பெயரில், தொலைபேசி அப்பா பெயரில், கேஸ் இணைப்பும் அப்பா பெயரில். அம்மா அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றி வளர்த்த ரோஜாச் செடிக்குக் குடியிருப்பில் பரிசு கொடுத்தபோதுகூட அப்பாவைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவரும் கூச்சமில்லாமல் போய் எவர்சில்வர் தூக்கை வாங்கி வந்தார். ஆகையால் மாமா எழுதிய கணினி நிரலில் அப்பாவின் பெயர் இருந்தது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. கணினியே அப்பாவுடையது என்கிறபோது உள்ளே இருப்பது மட்டும் எப்படி வேறு ஒருவருடையதாகும் என்பது, அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்த என்னுடைய நியாயம்.

மாமா, அம்மாவின் தம்பி. பொறியியல் படிப்பில் இரண்டு தாள்களை மட்டும் முடிக்க மாட்டாமல், தென்காசிப் பக்கத்து ஊரிலிருந்து வேலை தேடி எங்களோடு வந்து தங்கியிருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரும் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்கெல்லாம் வேலை என்று ஊரெங்கும் பேச்சு. எங்கள் மாமாவுக்கு மட்டும் அந்தச் செய்தி பேச்சோடு நின்றுவிட்டது.

எங்கள் கணினி, அப்பா யாரிடமோ பழசாக வாங்கியது. ஒரு படத்தைத் திறந்தால் அது வருவதற்குள் நான் ஒரு வாய்ப்பாடு சொல்லி முடித்துவிடுவேன். மவுஸ் வேறு அடிக்கடி சண்டித்தனம் செய்யும். மாமா ஏதோ பத்திரிகையோடு வந்த குறுந்தகட்டைப் போட்டு, அலங்காரங்களையெல்லாம் கழற்றி எறிந்து, வெறும் கறுப்புத் திரையாக அதை மாற்றினார். பிறகு அந்தத் திரையில் ஓடுவதற்கு ஒரு நிரல் எழுத ஆரம்பித்தார். கணினிக்குள் இருக்கும் கோப்புகளை வரிசையாகக் காட்டும். வேண்டியதைத் தேடித் திறக்கலாம், நகர்த்தலாம், அழிக்கலாம். அவ்வளவுதான் அதன் வேலை. மவுஸே வேண்டாம். ஜே என்றால் கீழே, கே என்றால் மேலே, எல் தட்டினால் உள்ளே, எச் தட்டினால் வெளியே. ஒரு ஃப்ளாப்பியின் மூலையில் அடங்கிவிடும். எங்கள் கிழட்டுக் கணினியில் அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, மாமா அதற்குள் வேறு கணினியை ஒளித்து வைத்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அதைப் பரீட்சித்துப் பார்த்தவள் நான்தான். கண்டபடி விசைகளைத் தட்டு என்பார் மாமா. தட்டுவேன். நிரல் குப்புற விழுந்தால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். விழுந்த இடத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "மாப்ள, வேலை தேடுதியா, இல்ல இங்க இருந்து விளையாடுதியா?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். மாமா ரசத்துக்குத் தட்டை நீட்டுவார். தண்டச்சோறு என்ற சொல்லை அப்பா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே கேட்கும்படி இருக்க அவருக்குத் தெரியும்.

நிரல் முடிந்ததும் அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட மாமா நினைத்தார். அம்மாதான் மெல்லச் சொன்னாள்: "தம்பி, அத்தான் பேரைப் போட்டுரு. அவங்க மனசு குளுந்துரும்." மாமா சிரித்தார். "போட்டுட்டாப் போச்சு. கல்யாணப் பத்திரிகையில பெரியவங்க பேரைத்தான போடுதோம்? அவங்களா தாலி கட்டப் போறாங்க?" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "ஓசியில சாப்பிடுதவன் வேற என்னத்தக் குடுக்க முடியும், அக்கா?" என்றார். அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பாவின் பெயரும், அவருடைய அலுவலக மின்னஞ்சல் முகவரியும் நிரலின் உச்சியில் ஏறின. மாமாவின் பெயர் எங்கும் இல்லை.

இணையத்துக்கு நாங்கள் சதுரங்கப்பட்டினம் போக வேண்டும். மாமாவின் சைக்கிள் கேரியரில் நானும் போனேன். பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அண்ணன் அந்த ஊர்க்காரர். மாமாவுக்கு நல்ல சிநேகம். திரையை எட்டிப் பார்த்துவிட்டு அவர், "இன்னா மச்சான் இது? குந்திக்கினு எயுதனது நீ, பேரு மட்டும் உங்க அத்தானுதா? நாளைக்குப் பேஜாரா பூடும், பாத்துக்கோ" என்றார். "எங்க அத்தான்தானே" என்றார் மாமா. அதற்குமேல் அவரும் வற்புறுத்தவில்லை. எனக்கு ஒரு கமர்கட் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் எந்தெந்த நாட்டுக்காரர்களோ அப்பாவின் அலுவலக முகவரிக்கு நன்றி சொல்லி எழுத ஆரம்பித்தார்கள். மேலதிகாரி கூப்பிட்டு, "நீங்களா எழுதினது?" என்று விசாரித்தாராம். "சும்மா சிரிச்சுட்டு வந்துட்டேன்" என்றார் அப்பா, சாப்பிடும்போது. எல்லோரும் சிரித்தோம். மாமாதான் அதிகம் சிரித்தார். அன்று அப்பா தன் கையாலேயே மாமாவுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

அப்பாவின் சிரிப்பு அதோடு நிற்கவில்லை. குடியிருப்பு மன்றத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடாயிற்று. நிரலைச் செய்து காட்டவும் கேட்டிருந்தார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு விசைகூடத் தெரியாது. ஆகவே மாமா கணினி முன் உட்கார்ந்துகொள்ள, அப்பா பக்கத்தில் நின்று பேசினார். "இப்போது இந்தக் கோப்பைத் திறக்கிறோம்" என்று அப்பா சொல்ல, மாமா தட்டுவார். யாரோ ஒருவர் எழுந்து நுணுக்கமாக ஒன்று கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார். மாமா தலை நிமிராமல் நான்கைந்து விசைகளைத் தட்டி, பதிலைத் திரையிலேயே காட்டிவிட்டார். கைதட்டல் அப்பாவுக்கு. கூட்டம் நிறையப் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள். ஒருவருக்குமா உறைக்கவில்லை? உறைத்திருக்கும். வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்றே இன்று நினைக்கிறேன். ஏற்புரையில் அப்பா, நேரத்துக்குக் காபி கொடுத்ததற்காக அம்மாவுக்கு நன்றி சொன்னார். நானும் கை வலிக்கத் தட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமல்லபுரம் சாலையில் இருந்த ஒரு நிறுவனம் மாமாவைக் கூப்பிட்டது. பட்டம் முக்கியமில்லை, சொந்தமாக எழுதியதைக் காட்டினால் போதும் என்றார்களாம். அப்பாவின் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு மாமா போய் வந்தார். நிரலை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெயரைப் பார்த்துத்தான் தயங்கினார்கள். "எங்க அத்தான் பேருதான் அது. நீங்க அவங்ககிட்டயே கேட்டுக்கிடுங்க" என்று எங்கள் வீட்டு எண்ணைக் கொடுத்து வந்திருந்தார் மாமா. அதை அப்பாவிடமும் சொன்னார். "கேட்டா சொல்லிட்டாப் போச்சு மாப்ள" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அழைப்பு ஒரு சாயங்காலம் வந்தது. மாமா மாவு அரைத்து வர மில்லுக்குப் போயிருந்தார். அப்பாதான் எடுத்தார். முதலில் எழுந்து நின்று பேசினார், பிறகு உட்கார்ந்துகொண்டார். நான் கணினியில் ஜே, கே என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். "ஆமா, ஆமா, நான் எழுதினதுதான்" என்றது அப்பாவின் குரல். "அவனும் கூடமாட ஒத்தாசை பண்ணினான். நல்ல பையன். சொன்ன வேலையைச் செய்வான்." ரிசீவரை வைத்துவிட்டு அம்மாவிடம் காபி கேட்டார். அடுப்படி வாசலில் நின்றிருந்த அம்மா உள்ளே போனாள். காபி வந்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்ல பையன் என்று அப்பா யாரையும் சொல்லி நான் கேட்டதே கிடையாது. தெருமுனைக்கு ஓடினேன். மாவுத் தூக்கை மாட்டிக்கொண்டு சைக்கிளில் மாமா வந்துகொண்டிருந்தார்.

"மாமா, கம்பெனிலேர்ந்து போன் வந்துச்சு. அப்பா உன்னப் பத்தி ரொம்ப நல்லா சொன்னாங்க."

மாமா இறங்கிவிட்டார். "என்ன சொன்னாங்க?"

ஒரு சொல் பிசகாமல், அப்பாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். மாமா கேட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். "சரிம்மா" என்று என் தலையில் கை வைத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஏறி மிதித்தால் சீக்கிரம் போய்விடலாமே என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்குப் போனதும் கொடியில் பாதி காய்ந்திருந்த துணிகளை உருவி எடுத்துப் பெட்டியில் வைத்தார். அப்பாவின் சட்டையை மடித்து நாற்காலியில் போட்டார். "வேலைக்கா கிளம்புற மாமா?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். அப்பா கண்ணெதிரே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவுக்கு வேலை கிடைத்துவிட்டது, அப்பாதான் வாங்கிக் கொடுத்தார் என்று பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு என்று எல்லாக் கதவையும் தட்டிச் சொன்னேன். மாடி வீட்டு அத்தை என் வாயில் சர்க்கரை போட்டாள். நான் திரும்பி வந்தபோது மாமா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வழியனுப்பக்கூட வராமல் அம்மா அடுப்படியிலேயே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். தம்பிக்கு ஒரு நல்லது நடக்கும்போது இப்படியா இருப்பாள் என்று எனக்கு அவள்மேல்தான் கோபம் கோபமாக வந்தது.