மரியாதையில்லாத ஒரு சொல்

தங்கமாரிக்குச் சத்தமாகப் பேசவே தெரியாது என்றுதான் அந்த ஒரகடம் கம்பெனியில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கார் கதவுக்குத் தகடு அழுத்தும் கம்பெனி. 2011இல் கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்தவள், மண்ணூரில் நாலு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். மூத்தவர்களிடம் எதையும் நேராகக் கேட்க அவளுக்கு வாய் வராது. "தண்ணி கேன் காலியா இருக்கு" என்பாள். மாற்றச் சொல்கிறாள் என்று கேட்பவர்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை, பக்கத்து பிரஸ் மிஷினில் கவியா நின்றிருந்தாள். தகட்டை அழுத்திவிட்டு மேலே ஏறி நிற்க வேண்டிய இரும்பு அச்சு, தானாகவே ஒரு விரற்கடை கீழே நழுவுவதைத் தங்கமாரி பார்த்தாள்.

சூப்பர்வைசர் டில்லிபாபுவிடம் போனாள். "அண்ணே, அந்த மிஷின் ஒரு மாதிரி எறங்குது."

"பழைய மிஷின்மா, அப்படித்தான் கீது."

பத்து நிமிடம் கழித்து மறுபடியும் போனாள். "கவியா பயப்படுதான்னு நெனைக்கேன், அண்ணே."

"பயந்துகினே இருந்தா டார்கெட் எப்படிமா முடியும்?" என்று சிரித்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அவள் கெஞ்சியதெல்லாம் அவர் காதில் வெறும் செய்தியாகவே விழுந்தது. தன் இடத்துக்குத் திரும்பும்போதுதான் தங்கமாரிக்கு அது உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். அச்சு நடுங்கியது. கவியாவின் விரல்கள் தகட்டின்மேல் இருந்தன.

"ஏலே, நிறுத்துலே!"

மொத்த லைனும் உறைந்தது. டில்லிபாபுவின் கை யோசிக்காமலே சிவப்பு பட்டனை அடித்தது. கவியா கையை இழுத்துக்கொண்டாள். பட்டனை அடித்தும் நிற்காமல், மறுநொடி அச்சு தானாக விழுந்து தகட்டை நசுக்கியது.

தங்கமாரி அவரிடம் ஓடினாள். "அண்ணே, ஒங்களப் போயி 'ஏலே'ன்னு மரியாதையில்லாம பேசிட்டேன்..."

"மரியாதையா? நீ அண்ணேன்னு ஆரம்பிச்சிருந்தா அவ கை போயிருக்கும்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "ரெண்டு தபா வந்து சொன்னே. எனக்குத்தான் புரியல."

மேனேஜர் கூட்டத்திலும் அவர் எதையும் மறைக்கவில்லை. அன்றே புது விதி வந்தது: யார் 'நிறுத்து' என்றாலும் முதலில் கையை எடு, பிறகு காரணம் கேள். சார், அண்ணன் எதுவும் வேண்டாம்.

சனிக்கிழமை அந்த விதிக்கு ஒத்திகை. மேனேஜரே பிரஸ்முன் நின்றார். அவரைப் பார்த்துக் கத்த யாருக்கும் வாய் வரவில்லை. தங்கமாரி மூச்சை இழுத்து ஆரம்பித்தாள். நாற்பது பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

"நிறுத்துலே!"

மேனேஜர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். சிரிப்பில் ஷெட் கூரையே அதிர்ந்தது. கவியா தன் பத்து விரல்களாலும் ஓங்கிக் கை தட்டினாள்.

2013இல் தங்கமாரி லைன் லீடர் ஆனாள். அதன்பின் அந்த லைனில் ஒரு விரல்கூடப் போனதில்லை.