சவர்க்காரத் தொட்டிச் சிவாஜினி

சிவாஜினி கோபத்தில் பிரெஞ்சு படித்தவள். மற்றவர்கள் குடியுரிமைக்காகப் படித்தார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகப் படித்தார்கள். இவள் ஒரேயொரு மனிதனைப் பழிவாங்கப் படித்தாள். அவன் பெயர் றெக்ஸ்.

பிரெஞ்சு பேசும் ஊரான லஷீனில் போல்ட் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாக அவள் தொட்டிக்காரி. போல்ட் என்றால் இரும்பைக் காய்ச்சி அடிப்பது என்று நினைப்பீர்கள். இல்லை. கம்பியைச் சூடு காட்டாமல் பச்சையாகவே அச்சுக்குள் வைத்து நெரித்துத் தலை எழுப்புவார்கள். வெறுங்கம்பியை அப்படி நெரித்தால் அது அச்சைப் பிடித்துக்கொள்ளும், அச்சு வெடிக்கும். ஆகவே முதலில் அமிலத் தொட்டியில் துருப்பிடித்த கறலைப் போக்க வேண்டும். அடுத்தது பொஸ்பேற் தொட்டி. அதில் கம்பிக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் பிடிக்கும். கடைசியில் சுடச்சுடச் சவர்க்காரத் தொட்டி, சோப்புக் கரைசல். அந்தத் தோல் சவர்க்காரத்தைக் குடித்து வழுவழுப்பாகும். இடையிடையே தண்ணீரில் அலச வேண்டும். அலசல்தான் உயிர், அமிலம் ஒட்டிய புளிப்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்தாலே சவர்க்காரம் திரைந்துவிடும்.

மூன்று நிமிடம் அலசு என்றால் சிவாஜினிக்கு மூன்று நிமிடம்தான். கம்பி காய்ந்ததும் பெருவிரல் நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்ப்பாள். நகம் மெழுகில் போவதுபோலப் போனால் "ஓம்" என்று சம்மதம் சொல்வாள். அந்த "ஓம்" கேட்ட பிறகுதான் கம்பிச் சுருள் மெஷினுக்குப் போகும்.

றெக்ஸ் அங்கே மேற்பார்வையாளன். மன்னார்ப் பிள்ளை. மூன்று வயதில் வந்து இங்கேயே படித்தவன். வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்பான். அவனுடைய மகளின் முதல் நன்மைச் சடங்குக்கு, சைவக்காரியான இவள் அரியதரப் பலகாரம் சுட்டுக்கொண்டு மாதா கோயிலுக்கே போனாள். எல்லாரும் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பாடினார்கள். றெக்சும் வாயசைத்தான். பார்த்தால் அவனுடைய புத்தகம் வேறொரு பக்கத்தில் திறந்திருக்கிறது! தமிழ் வாசிக்கத் தெரியாது, வெட்கத்தில் மறைக்கிறான், பாவம் என்று நினைத்தாள். பாவமாம்!

போன வருடம் வேலை நெருக்கடியான ஒரு வாரத்தில் அவன் தொட்டியடிக்கு வந்து நின்றான்.

"கெதியா, கெதியா அக்கா! ஒரு நிமிசம் அலசினாக் காணும்."

"ஆறுதலாத்தான் செய்யோணும் தம்பி. சவர்க்காரம் திரைஞ்சுபோம்."

"நான் சொல்லுறன், செய்யுங்கோ."

செய்தாள். நாலாம் நாள் பதினொரு அச்சு வெடித்தது. அன்று பின்னேரமே றெக்ஸ் பிரெஞ்சில் எழுதிய தாளொன்றோடு வந்தான்.

"என்ன தம்பி இது?"

"சும்மா ஒரு துண்டு அக்கா. ஒப்பிசுக்குத் தேவை. கையெழுத்து வையுங்கோ."

அக்கா என்று கூப்பிடுகிறவனிடம், எங்கே வாசித்துக் காட்டு என்று யார் கேட்பார்கள்? வைத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிரதியை மகள் வினோஜாதான் வாசித்தாள். அலசலைக் குறைத்தது தொழிலாளியின் நெக்லிஜான்ஸ் என்று இருந்தது. கவலையீனம்! பத்தொன்பது வருடத்தில் ஒரு சுருளைக் கீறிப் பார்க்காமல் விடாதவளுக்குக் கவலையீனமாம்! மறுநாள் மேலாளர் பூஷாரின் அறையில், வாசிக்காமல்தான் கையெழுத்து வைத்தேன் என்று அழுதாள். றெக்ஸ்தான் மொழிபெயர்த்தான். பூஷார் ஏதோ சொன்னார். அதையும் அவனே தமிழில் சொன்னான்.

"வாசிக்காமக் கையெழுத்து வைச்சால் அது வைச்ச ஆளின்ர பிழையாம், அக்கா."

அந்த வாயால் அப்போதும் "அக்கா" என்றானே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை. அவளைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். தொட்டிப் பக்கம் வரக்கூடாது என்று எழுத்திலேயே தடை.

அடுத்த கிழமையே மாலை வகுப்பில் பிரெஞ்சுக்குச் சேர்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையடியில் குந்தி, றெக்ஸ் சொல்வதுபோலத் தமிழில் ஒரு தாள் எழுதினாள்: "அலசலை ஒரு நிமிடமாகக் குறைக்கச் சொன்னது நானே. சிவாஜினி மறித்தார். அச்சுகள் வெடித்தது என் நெக்லிஜான்ஸ். அவரைத் தொட்டி வேலைக்குத் திரும்ப எடுக்க வேண்டும்." கீழே கையெழுத்துக்கு இடம் விட்டாள். வினோஜாவைக் கொண்டு பிரெஞ்சிலும் எழுதுவித்தாள்.

"அம்மா, விடுங்கோவன்."

"விடுறதோ? என்ர பேரை நாறடிச்சவன் நல்லா இருக்கட்டோ? நீ எழுது!"

இரண்டு தாளும் எட்டு மாதம் அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் கிடந்தன. அவன் கெதியன், அவசரக்காரன், தொட்டி ஒருநாள் அவனைக் காட்டிக்கொடுக்கும் என்று அவளுக்குத் தெரியும். காட்டியும் கொடுத்தது. வாடிக்கையாளரின் பரிசோதகர்கள் வர ஒரு நாள் இருக்க, கம்பி அச்சில் ஒட்டத் தொடங்கியது. றெக்ஸ் வியர்த்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அக்கா, ஒருக்கா வந்து பாருங்கோ."

"எனக்கு அங்கால போகத் தடையெல்லோ? இதில கையெழுத்து வையும், வாறன்."

அவள் நீட்டிய தமிழ்த் தாளை அவன் வாங்கிப் பார்த்தான். கண் வரிகளில் ஓடவில்லை, ஒரே இடத்தில் நின்றது.

"என்ன அக்கா இது?"

"சும்மா ஒரு துண்டு தம்பி. ஒப்பிசுக்குத் தேவை."

தன்னுடைய சொற்களே திரும்பி வருகின்றன என்று கூட அந்த மடையனுக்கு உறைக்கவில்லை. தமிழ் தெரியாது என்று சொல்ல வெட்கம் வேறு. வைத்தான்.

"வாங்கோ அக்கா, கெதியா!"

"ஆறுதலா வாறன்."

சவர்க்காரத் தொட்டியில் திரைந்த பால்போலக் கட்டி மிதந்தது. முழுவதையும் இறக்கிப் புதிதாகக் காய்ச்சினாள். கெட்ட சுருள்களை முதல் தொட்டியிலிருந்தே திரும்பவும் தோய்த்தாள். மூன்று நிமிடம் அலசினாள். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. வஞ்சம் றெக்சோடுதான், கம்பி அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. பின்னேரம் நகத்தால் கீறிப் பார்த்து "ஓம்" என்றாள். மெஷின்கள் ஓடின.

பரிசோதகர்கள் திருப்தியோடு போன அடுத்த காலை, இரண்டு தாளையும் பூஷாரின் மேசையில் வைத்தாள். அவர் பிரெஞ்சுத் தாளை வாசித்தார், தமிழ்த் தாளில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார், றெக்சைக் கூப்பிட்டார். தமிழ்த் தாளை அவனிடம் நீட்டி, வாசி என்றார்.

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் எனக்கு இந்த எழுத்துத் தெரியாது, வாசிக்காமல்தான் வைத்தேன் என்று திக்கித் திக்கிச் சொன்னான்.

சிவாஜினிக்கு இனித்தது. பொய் சொல்வானேன், தொண்டைக்குழி வரைக்கும் இனித்தது.

பூஷார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு எட்டு மாதத்துக்கு முன் சொன்ன அதே வசனத்தைச் சொன்னார். அன்றைக்கு அவளுக்கு அது வெறும் சத்தம். இன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. றெக்சுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லைதான். என்றாலும் அவள் அவன் பக்கம் திரும்பி, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"வாசிக்காமக் கையெழுத்து வைச்சால் அது வைச்ச ஆளின்ர பிழையாம், தம்பி."