பெண் வீட்டு நாற்காலிகள்

மும்பை செம்பூரில் ஒரு கல்யாண ஏற்பாட்டுக் கம்பெனியில் நான் இன்டர்னாகச் சேர்ந்த சமயத்தில், என்னோடு காலேஜில் படித்தவர்கள் எல்லோரும் ஐரோலியில் உள்ள ஐ.டி. கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். சேர்ந்து ரயில் ஏறினார்கள், சேர்ந்து கேன்டீனில் சாப்பிட்டார்கள், அதையெல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டார்கள். நான் தாராவியிலிருந்து சயான் வரை நடந்துபோய் செம்பூர் பஸ்ஸைப் பிடிப்பேன்.

“சம்பளம் கெடயாது. ஆரோ கல்யாணத்துக்கு நீ எதுக்குட்டி ஓடுத?” என்றாள் அம்மா.

“ஆறு மாசம் போனா வேலை தருவாவம்மா.”

“தராட்டி?”

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆபீஸில் எனக்கென்று மேஜை கிடையாது. பத்திரிகை மாதிரிகளும் பிளாஸ்டிக் பூக்களும் குவிந்து கிடந்த ஒரு நீள மேஜையின் ஓரத்தைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். யாரும் என்னிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. ஆனால் மத்தியானம் எல்லோரும் சேர்ந்து ஆர்டர் செய்து சாப்பிடும்போது என்னைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நான் டிபன் பாக்ஸைத் திறந்து சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவேன். போனை எடுப்பதுதான் என் வேலை. கல்யாணம் நிச்சயமானவர்களின் சந்தோஷக் குரல்களை நாள் முழுக்கக் கேட்பேன். “நீ யாரம்மா பேசுற?” என்று ஒரு குரலாவது கேட்டிருக்கலாம்.

கம்பெனியை நடத்தியவர் ஒரு சிந்திப் பெண்மணி. மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒருநாள் என்னைத் தன் அறைக்கு அழைத்து, “தூ தமிள் ஹை நா?” என்று கேட்டார், நீ தமிழ்தானே என்று. தலையாட்டினேன். மாட்டுங்காவில் ஒரு தமிழ்க் கல்யாணம். மாப்பிள்ளை மாட்டுங்காக்காரர், பெண் நாக்பூரைச் சேர்ந்த மராட்டிப் பெண். பெண்ணின் அப்பா அம்மாவுக்குச் சம்மதம் இல்லை, வரமாட்டார்கள். ஆனால் தன் பக்கத்திலிருந்து தோழிகளும் ஒன்றுவிட்ட சொந்தங்களும் வருவார்கள் என்று மாப்பிள்ளையிடம் அந்தப் பெண் சொல்லி வைத்திருந்தாள். அப்படி வர ஒருவரும் இல்லை. கடைசியில் மேடத்தைத் தனியாகச் சந்தித்து, பெண் வீட்டு நாற்காலிகளில் உட்காரச் சிலரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறாள்.

“நீயும் உட்கார். கூடவே அவளைப் பார்த்துக்கொள். புதுசாக வந்தவள், உன்னை யாருக்கும் தெரியாது,” என்றார் மேடம் இந்தியில். புதிதாக வந்ததில் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான்.

கல்யாணத்தன்று ஆபீஸில் கொடுத்த பட்டுப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு மணப்பெண் அறைக்குப் போனேன். எங்களை மாதிரி மணப்பெண் கூடவே இருக்கும் ஆளை இந்தத் தொழிலில் ஷேடோ என்பார்கள். ஊக்கு, தண்ணீர், டிஷ்யூ எல்லாம் ஷேடோவின் கையில் இருக்க வேண்டும். அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அவள் தன் போனை என்னிடம் கொடுத்து, “ஆயி கூப்பிட்டால் மட்டும் சொல்லு. நான் எங்கே இருந்தாலும் சொல்லு,” என்றாள் இந்தியில். ஆயி என்றால் மராட்டியில் அம்மா.

அந்தப் போனைக் காலை முழுக்க என் கையிலேயே வைத்திருந்தேன். வாழ்த்துகள் வந்தன, பாங்கிலிருந்து மெசேஜ் வந்தது, கடன் வேண்டுமா என்று யாரோ கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறை அது அதிரும்போதும் ஆயியா என்று பார்த்தேன்.

ஹாலில் பெண் வீட்டு வரிசைகளில் மேடம் ஏற்பாடு செய்த ஆட்கள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெண்ணைப் பெற்றவர்கள் வராததால், அவரும் அவர் கணவரும்தான் அந்த இடத்திலிருந்து கன்னிகாதானம் செய்து கொடுப்பதாக இருந்தது.

“பொண்ணாத்து மனுஷா ஏன் இப்படி வாயே திறக்காம உக்காந்திருக்கா? தமிழ் வராதோ?”

“எனக்கு வரும்லா. எங்க அம்மைக்குத் திருநெல்வேலிப் பக்கம்.” வாய் முந்திக்கொண்டது.

அவர் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தார். “பொண்ணு நாக்பூர்னா சொன்னா? நீ அவளுக்கு என்ன வேணும்?”

“கூடப் படிச்சேன்.”

“நாக்பூர்லயா?”

“ஆமா.”

அவர் பார்வை என் புடவை ஓரத்தில் வரிசையாகக் குத்தியிருந்த ஊக்குகளுக்குப் போனது. பிறகு காதுக்குப் போனது. மேடம் எங்களோடு பேசுவதற்கான ஒயர் அங்கே இருந்தது.

“பூவை இப்படி முன்னால இழுத்து விட்டுக்கோ,” என்றார் மெதுவாக. “ஒயர் தெரியறது.”

அதன் பிறகு எழுந்து மேடைப் பக்கம் போய்விட்டார்.

மாலை மாற்றும் நேரம் வந்தது. “பொண்ணோட மாமாக்கள் வாங்கோ, தூக்கணும்!” என்று சாஸ்திரிகள் கூப்பிட்டார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் அவரவர் மாமன்மார் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டுமாம். “நீ தமிழ்தானே, இதை ஏன் சொல்லவில்லை?” என்று காதுக்குள் மேடம் கத்தினார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இது கிடையாது. அதை ஒயரில் எப்படி விளக்குவது? பின்வாசலுக்கு ஓடினேன். டெம்போவிலிருந்து பூக்கூடை இறக்கிக்கொண்டிருந்த பீகார்க்காரர்கள் இருவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். மாப்பிள்ளை வீட்டில் வைத்துக்கொடுக்க வாங்கியிருந்த வேட்டிகளை அவர்கள் பேண்டின் மேலேயே சுற்றிவிட்டேன்.

அவர்கள் மணப்பெண்ணைப் பூக்கூடையைத் தூக்குவது மாதிரி சுலபமாகத் தூக்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் மாமாக்கள் ரெண்டு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கினார்கள். “நாக்பூர் மாமாக்கள் கிட்ட போட்டி போட முடியுமா!” என்று யாரோ சொல்ல, ஹாலே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அந்த உயரத்திலேயே அழ ஆரம்பித்தாள். அழுகையைச் சந்தோஷம் என்று நினைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

தாலி கட்டி முடிந்து நாதஸ்வரம் ஓய்ந்தபோது அவள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். புருவத்தை மட்டும் உயர்த்திக் கேட்டாள். நான் கையிலிருந்த போனைக் காட்டி, இல்லை என்று தலையசைத்தேன்.

பெண் வீட்டார் போட்டோவுக்கு அழைத்தபோது நான் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், வளையல் அழுத்தும் அளவுக்கு. போட்டோக்காரர் போதும் என்ற பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. அந்த ஆபீஸில் சேர்ந்ததிலிருந்து என்னை யாரும் தொட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு அவள் கணவனோடு காரில் ஏறிப் போனாள். ஸ்டோர் ரூமில் பட்டுப் புடவையை அவிழ்த்து மடித்துக் கொடுத்துவிட்டு, கடைசிப் பந்தியில் பூக்காரர்களோடு சாப்பிட்டேன். அன்று நடந்ததை யாரிடமும் சொல்ல முடியாது. அது அவளுடைய ரகசியம். வாட்ஸப்பில் ஐரோலிக்காரர்கள் யாருடைய பிறந்தநாளுக்கோ கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இதயப் படம் ஒன்றை அனுப்பிவிட்டுத் தாராவிக்கு நடந்தேன்.

சில வாரங்கள் கழித்து ஆல்பம் வாங்கிப்போக அவளும் கணவனும் ஆபீஸுக்கு வந்தார்கள். நான் வழக்கம்போல மேஜை ஓரத்தில் இருந்தேன். ஓடி ஒளிய நேரம் இல்லை.

“அட, இவங்க உன் காலேஜ் தோழிதானே? அத்தை சொன்னாங்களே!” என்றார் கணவர் இந்தியில். “இங்கேயா வேலை செய்றாங்க?”

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

“ஆமா. இவ மூலமாத்தான் இந்தக் கம்பெனியே எனக்குத் தெரியும்,” என்றாள்.

“எப்படி இருக்கே?” என்று நான் கேட்டேன், தோழியைக் கேட்கிற மாதிரி.

“நல்லா இருக்கேன். நீ?”

“நல்லா இருக்கேன்.”

“அம்மா பேசினாங்களா?” என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஆல்பம் பையை வாங்கிக்கொண்டு, “வீட்டுக்கு ஒருநாள் வாங்க,” என்று அவர்தான் கூப்பிட்டார். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேன். அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

லிப்ட் கதவு மூடும்போது அவள் கையை லேசாக உயர்த்தினாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. ஆறு மாதம் முடிந்ததும் வேலை கொடுத்தார்கள், ஜன்னலோரமாக ஒரு மேஜையும். இப்போது புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே பெயரைக் கேட்டுவிடுகிறேன். மத்தியானம் மட்டும் இன்னமும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், பழகிவிட்டது.