செல்லம் அழித்த மூன்று பர்ச்சிகள்

ஹேடோ குவார்ட்டர்ஸில் செல்லத்தைப் போலக் கெட்டிக்காரி கிடையாது என்று பேச்சு. மகளுக்கு அப்படி ஒரு இடம் பிடித்தாளாம். எப்படிப் பிடித்தாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மூத்தவள் ருக்குவுக்குப் பதினாறு வயதில் காசநோய் வந்தது. ஒன்றரை வருஷம் ஊசியும் மாத்திரையுமாகக் கழிந்து முழுக்கக் குணமானாள். குணமானதை யார் எழுதி வைக்கிறார்கள்? பர்ச்சியில் நோய் மட்டும்தான் இருந்தது. வைத்தியச் சீட்டைத் தீவில் தமிழர், வங்காளி எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பர்ச்சியை நீட்டினால் கம்பவுண்டர் ஆளைப் பார்க்காமலே எல்லாவற்றையும் படித்துவிடுவார். அவர் படித்தால் போகட்டும், வரிசையில் பின்னால் நிற்பவளும் எட்டிப் படித்தாள். இரண்டு வரன்கள் அப்படித்தான் தட்டிப்போயின. அடுத்தவள் நீலாவதி வேறு வளர்ந்து நின்றாள். அக்காளுக்குக் காசம் என்றால் தங்கையை எவன் கட்டுவான்?

செல்லம் கிளம்பினாள். ருக்கு வைத்தியம் பார்த்த இடம் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். ஓரிடத்தில் பர்ச்சியை நோயாளி கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அதை அடுப்பில் போட்டாள். இன்னோரிடத்தில் பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். தேதி பார்க்கவேண்டும் என்று கேட்டு வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டு வந்து அதையும் எரித்தாள். மூன்றாவதில் புருஷன் பெயரில் குடும்பத்துக்கே ஒரு பர்ச்சி. பழையதை அடுப்பில் போட்டுவிட்டு, எலி கடித்துவிட்டது என்று சொல்லிப் புதிது வாங்கினாள். அதில் ருக்குவின் பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லை.

பழைய பர்ச்சிகளில் காசநோய்க்குக் கீழே சிவப்பு மையில் இன்னொரு வரியும் இருந்தது: பென்சிலின் ஆகாது. அந்த ஊசி போட்டு ருக்கு மூச்சடைத்துக் கிடந்ததைச் செல்லமே பக்கத்தில் நின்று பார்த்தவள். அதுவும் சேர்ந்துதான் எரிந்தது.

அறுபத்தாறில் கல்யாணம். படகில் போகவேண்டிய லாங் ஐலண்டில் மரம் அறுக்கும் மில் வேலைக்காரன் ராஜமாணிக்கம் மாப்பிள்ளை. அவன் அம்மா விசாலாட்சிக்கு நோய் என்றாலே அலர்ஜி. பெண் தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை என்று செல்லம் கூசாமல் சொன்னாள். வாயைத் திறந்தால் நாக்கை அறுத்துவிடுவேன் என்று மகளை மிரட்டி அனுப்பினாள்.

கல்யாணமாகி ஏழாம் மாதம் ருக்குவின் காலில் மரச்சிராய் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. செல்லம் ஃபீனிக்ஸ் பேயில் படகு ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, காய்ச்சலில் மகளுக்கு நினைவில்லை. அந்த ஊர் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பர்ச்சி எதாச்சும் இருக்கா அம்மா? பென்சிலின் முன்ன போட்டு ஒத்துக்காம போயிருக்கா?"

சம்பந்தியம்மா பக்கத்திலேயே நின்றாள். ஆமாம் என்றால் எப்போது, எங்கே, எதற்கு என்று கேள்வி வரும். ஒரு தடவை வந்தது திரும்ப வரவேண்டும் என்று என்ன கட்டாயம் என்று செல்லம் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். பாவி, பெற்றவள்தானே.

"இவ ஆஸ்பத்திரி வாசலே மிதிச்சதில்லீங்க."

ஊசி போட்டபின் ருக்கு கால் மணி நேரம்கூட உயிரோடு இருக்கவில்லை. கம்பவுண்டர் தமக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். கடைசியில் செல்லத்தின் முன்னால் குந்தினார்.

"நெசத்தைச் சொல்லும்மா. இதுக்கு முன்ன போட்டிருக்கா? இவளுக்குத் தங்கச்சி இருக்குன்னாங்க. அதுக்கும் இந்த ஊசி ஆகாம இருக்கலாம். எழுதி வெச்சா அந்தப் பொண்ணாவது தப்பிக்கும்."

மகளின் தலை செல்லத்தின் மடியில் இருந்தது. விசாலாட்சி அழுகையை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்க," என்றாள் செல்லம். "எங்க வீட்ல யாருக்கும் எதுவும் இல்ல."