மைதானத்துக்கு வெட்டிய கிடா

வீரய்யா தம் வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டதில்லை. ஒருமுறை காலடிக்கு உருண்டு வந்த பந்தைக் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் பூனாகலைக்கு மேலே இருந்த காட்டுமுனைத் தோட்டத்தில் அவரைவிடப் பெரிய பந்துப் பைத்தியம் கிடையாது என்பதில் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் இரண்டு கருத்து இருக்கவில்லை.

அவர் வேலை ஸ்டோரில். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இயந்திரங்களை எல்லாம் ஓட்டும் பெரிய ரோதைச் சக்கரத்துக்கு எண்ணெய் விடுவதும், வார் கழன்றால் மாட்டுவதும் அவர் பொறுப்பு. சனிக்கிழமை ரோதை நின்றதும் கையைக்கூடத் துடைக்காமல் மைதானத்துக்கு ஓடுவார். வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். வேறெங்கும் நிற்கமாட்டார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த மைதானம் முன்பு தோட்டத்து இடுகாட்டின் ஓரம். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை சரிவை வெட்டிச் சமன் செய்தபோது இடுகாடு பாதி கரைந்தது. மிச்சம் வடக்குக் கோலுக்குப் பின்னால், ஓடைவரை ஒதுங்கி நின்றது. அங்கே ஒரு கல்லுக்கடியில் செவ்வந்தி இருந்தாள். வீரய்யாவுக்கும் பெரியாயிக்கும் பிறந்த ஒரே பெண். காய்ச்சலில் போனபோது பேச்சு இன்னும் முழுசாகத் திருந்தவில்லை.

முதலில் வீரய்யா கல்லைப் பார்க்கத்தான் போனார். ஆட்டம் நடந்ததால் நின்று பார்த்தார். காட்டுமுனை ஆட்டக்காரர்கள் கோலைத் தவிர மற்ற எல்லாத் திசைக்கும் குறி தப்பாமல் அடிப்பவர்கள் ஆகையால், பந்து அடிக்கடி கல்லண்டை வந்து விழும். அதை எடுத்துக் கொடுப்பது அவர் வேலையாயிற்று. அணியின் குறை அவருக்கு நிறைவாக இருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை பக்கத்து ஸ்பிரிங்வெளித் தோட்டக்காரர்களைத் தோற்கடித்தார்கள். வீரய்யா கூட்டத்தோடு கத்திக்கொண்டே லயம் வந்து சேர்ந்தார். அன்று கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது கஞ்சி குடிக்கும்போதுதான் உறைத்தது. பெரியாயியிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு மணி முன்னதாகப் போய்க் கல்லைக் கழுவினார்.

பதுளைப் பக்கத்துத் துரைமார் சேர்ந்து ஒரு வெள்ளிக் கேடயம் வைத்திருந்தார்கள். மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று இரண்டு. மேலே கடைசியாக வரும் அணி கீழே இறங்கவேண்டும். அந்த வருஷம் காட்டுமுனை ஆரம்பத்திலிருந்தே கடைசிக்கு அடம்பிடித்தது. ஒரு நாள் காலைப் பெரட்டில் வேலைக்கு வரிசை நின்ற ஆட்களை எண்ணி முடித்த துரை, கைத்தடியால் மைதானத்தைக் காட்டிச் சொன்னார்.

“கீழ எறங்கினா எனக்குப் பந்து வேணாம். நாத்து மேடை நெறஞ்சு கெடக்கு. அங்கன ஓடை வரைக்கும் தேயிலை வப்போம்.”

ஓடை வரைக்கும் என்றால் கல்லும் அதில் அடக்கம். அன்றைக்கு வீரய்யா வாரை மாட்டும்போது விரலை நசுக்கிக்கொண்டார்.

ரோதைக் குழியோரம் குங்குமம் அப்பிய கல் ஒன்று உண்டு. அது ரோதை முனி. ஸ்டோர் ஆட்களின் கையையும் உயிரையும் இயந்திரத்திடமிருந்து காப்பது அதன் வேலை. வீரய்யா அதனிடம் அணியையும் ஒப்படைத்தார். கீழே இறங்காமல் காப்பாற்றினால் வருஷ முடிவில் வீட்டுக் கிடாவை வெட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டார்.

“அது என்ன பந்தாடுற சாமியா? வாருல கை போகாம பாத்துக்கிட்டா போதாதா?” என்றாள் பெரியாயி. அந்தக் கிடாவைக் குட்டியிலிருந்து வளர்த்தவள் அவள்.

“மைதானம் போனா நம்ம செவ்வந்தியும் போவுது, புள்ள.”

பெரியாயி போய்க் கிடாவுக்குத் தழை போட்டாள்.

நேர்ந்த பிறகும் அணி தோற்றது. மறுபடியும் தோற்றது. அப்புறம் மழையில் ஒன்று சமனானது. கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில், பெரகல அணியோடு. அணித் தலைவன் ஜெயராசா, இளம் கணக்கப்பிள்ளை, பதுளையில் மிஷன் பள்ளிக்கூடம் போனவன். அவன் கணக்குப் போட்டுச் சொன்னான்: “ஜெயிக்கக்கூட வேணாம் வீரய்யா. சமன் பண்ணினாலே தப்பிச்சிருவோம்.”

அந்த நல்ல செய்திதான் வீரய்யாவைக் கெடுத்தது. இவ்வளவு பக்கத்தில் வந்து கைவிட்டுவிட்டால்? முனிக்குத் தம் சொல்லில் நம்பிக்கை இல்லாமல்தான் இத்தனை நாளும் இழுத்தடித்தது என்று அவருக்குப் பட்டது. கிடாவை முன்கூட்டியே கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தார்.

முனிக்கு வெட்டினால் அதற்கொரு முறை இருக்கிறது. யாருக்காக வெட்டினோமோ அவர்கள்தான் உண்ணவேண்டும். வெட்டிய இடத்திலேயே, பொழுது சாய்வதற்குள். ஒரு துண்டுகூட லயத்துக்குப் போகக்கூடாது. மிச்சம் வைத்தால் குற்றம். ஆட்டமோ பொழுது சாயும்வரை நடக்கும். ஆகவே ஆட்டத்தன்று காலையிலேயே கிடாவை வெட்டினார்கள். மத்தியானம் பதினொரு ஆட்டக்காரர்களும் ரோதைக் குழியோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

“கொஞ்சமா சாப்பிட்டு எந்திரிக்கிறோமே,” என்றான் ஜெயராசா.

“மிச்சம் வச்சா குத்தமாயிரும் ஐயா. உங்க தலையில விடியும்.”

ஜெயராசாவுக்கு முனியில் நம்பிக்கை கிடையாது. ஆட்டுக்கறியில் உண்டு. மற்றவர்களுக்கு இரண்டிலும் உண்டு. வருஷம் முழுக்க ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்று ஓடியவர்கள். கோல் காக்கும் மாரிசாமி மட்டும்தான் சில்லறைக் கங்காணி, கொஞ்சம் சதைப்பிடிப்பானவர். கொழுந்தெடுக்கும் மலையில் ஆட்களை மேய்க்கும்போது ஒருத்தரையும் தாண்டவிடமாட்டார் என்பதால் அவரைக் கோலில் நிறுத்தியிருந்தார்கள். படையலில் சாராயமும் இருந்தது. அதையும் மிச்சம் வைக்கக்கூடாதே.

“வீரய்யாண்ணே, நீங்க மாசத்துக்கு ஒருக்கா இப்படி நேந்துக்கிட்டா நாம கேடயமே வாங்கியிருப்போம்,” என்றார் மாரிசாமி, எலும்பை உறிஞ்சியபடி. எல்லாரும் சிரித்தார்கள். சட்டி வழித்துத் துடைத்தாயிற்று. வீரய்யா குனிந்து பார்த்துத் திருப்தியடைந்தார்.

முதல் பாதியில் முனி தன் பங்கைச் செய்தது. ஒரு குழப்படியில் பந்து யார் முழங்காலிலோ பட்டுப் பெரகல கோலுக்குள் போனது. வீரய்யா மகளின் கல் பக்கம் திரும்பி, “பாத்தியா ஆத்தா,” என்றார்.

பாதி முடிந்து காட்டுமுனை வடக்குக் கோலுக்கு மாறியது. மாரிசாமியின் முதுகு வீரய்யாவுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. அந்த முதுகு வேர்த்ததையும், பிறகு கம்பத்தில் சாய்ந்ததையும் அவர் பார்த்தார். மைதானத்தில் ஓட்டம் நடையானது. ஜெயராசா விலாவைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். பெரகல ஒன்று போட்டது. சமன், இப்படியே நின்றால் போதும். வீரய்யா பெருமாள், முருகன் என்று முனிக்குத் துணைக்கு ஆள் கூப்பிட்டார்.

“கங்காணியாரே, பந்து வருது.”

மாரிசாமி திரும்பினார். பந்துப் பக்கம் அல்ல, வீரய்யா பக்கம். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முனியின் படையலை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். அந்த நேரத்தில் பந்து அவரைத் தாண்டிக் கோலுக்குள் புகுந்து, உருண்டு போய்க் கல்லில் முட்டி நின்றது.

வீரய்யா பந்தை எடுத்துக் கொடுத்தார். அதுதானே அவர் வேலை.

அதற்குப் பிறகு இன்னொன்றும் விழுந்தது. துரை குதிரை ஏறிப் போனார். பசியோடு ஓடிய காலமெல்லாம் எப்படியோ மேல்பிரிவில் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள், வயிறு நிறைந்த ஒரே நாளில் கீழே இறங்கினார்கள். வாயைக் கழுவிவிட்டு வந்த மாரிசாமி, கோபமில்லாமல்தான் கேட்டார்:

“ஏண்ணே, முனி கேட்டுச்சா, இல்ல நீங்களாக் குடுத்தீங்களா?”

வீரய்யா கல்லண்டை போய் அதில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். லயத்தில் பெரியாயி கிடா கட்டியிருந்த கயிற்றைச் சுருட்டிக் கூரை இறப்பில் செருகினாள்.

மழைக்கு முன்பே தேயிலைக்குக் குழி வெட்டத் தொடங்கினார்கள். வீரய்யா துரையிடம் கேட்டு, அந்த வாரம் மட்டும் ஸ்டோரை விட்டு மண்வெட்டிக்கு வந்தார். கோல் கம்பத்திலிருந்து ஓடை வரைக்குமான செடி நிரையைத் தமக்கென்று வாங்கிக்கொண்டார். கல்லண்டை வந்ததும் மாரிசாமி கயிறு பிடித்துப் பார்த்தார். குழிக்கான குறி நேராகக் கல்லின்மேல் விழுந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“துரை நாளைக்கு நிரை பாப்பாரு. ஒண்ணு வுட்டாலும் தெரிஞ்சிரும்.”

“வேற யாரும் வெட்ட வேணாம் கங்காணியாரே. நானே வெட்டிக்கிறேன்.”

கல்லைப் பெயர்த்து ஓடைக்கரையில் வைத்துவிட்டு வெட்டினார். குழி அளவைவிடக் கொஞ்சம் ஆழம் குறைவாக இருந்தது. மாரிசாமி அளவுகோலை அதில் விடாமல் அடுத்த குழிக்குப் போனார்.

மறு வருஷம், பதுளையிலிருந்து மாட்டுவண்டியில் சாமான் கொண்டுவரும் அஸீஸ் ஸ்டோர் வாசலில் செய்தி சொன்னார். “தெரியுமா அண்ணே, பெரகலயும் எறங்கிருச்சு.”

வீரய்யா எண்ணெய்க் குடுவையைக் கீழே வைத்தார். “அன்னைக்கு என்ன சாப்புட்டாங்களாம்?”

“என்னத்த சாப்புட? வெறும் வயித்தோடதான் ஆடினாங்களாம்.”

அது ஆறுதலா இல்லையா என்று வீரய்யா யோசித்தார். குடுவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

செடிகள் நன்றாக வந்தன. இடுகாட்டு மண் அல்லவா. கொழுந்தெடுக்கும் பருவம் வந்தபோது அந்த மலைக்குப் பெரியாயியின் ஆள்வரிசையை விட்டார்கள். ஓடையோர நிரையை அவள் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கல் இருந்த இடத்துச் செடியிலும் மற்றச் செடியில் போலவே கிள்ளிக் கூடையில் போட்டாள். கூடை ஸ்டோருக்கு வந்தது. எல்லாக் கொழுந்தும் ஒன்றாய்க் கொட்டப்பட்டு, வாடி, உருளைக்குள் போனது. வீரய்யா வழக்கம்போல் முனிக்குக் குங்குமம் வைத்தார். எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. வாரை மாட்டி ரோதையை ஓடவிட்டார்.