சோபாவில் உட்கார்ந்த சப்வூபர்

பிரிக்பீல்ட்ஸில் இரும்புக் கிரில் என்றால் அய்யாவுதான். மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவர். கிள்ளானில் ஒரு சீனர் பட்டறையில் கூட்டிப் பெருக்கி, பார்த்துப் பார்த்தே வெல்டிங் கற்று, சொந்தப் பட்டறை போட்டு, இரண்டு பிள்ளைகளையும் பட்டதாரி ஆக்கினவர். இப்போது அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் முக்கால்வாசி வீட்டு வாசலில் அவர் கைவேலைதான் நிற்கிறது. "என் கிரில்லுல கை வச்ச திருடன் கையை அங்கயே விட்டுட்டுத்தான் போவணும்" என்பார். வாய்ச்சவடால் இல்லை. இன்றுவரை ஒன்றும் உடைபட்டதில்லை.

அப்படிப்பட்ட மனுஷர் ஒரு மத்தியானம் தம் வீட்டு ஹாலில் கைக்குழந்தை மாதிரி தவழ்ந்துகொண்டிருந்தார்.

புதிதாக வாங்கிய ஹோம் தியேட்டர் படுத்திய பாடு. அதில் சப்வூபர் என்று ஒரு பெட்டி, கனத்த அடிச்சத்தத்துக்கு மட்டும். டிவி பக்கத்தில் வைத்தால் வாசல் மூலையில் வயிறு குலுங்குகிறது, சோபாவில் உட்கார்ந்தவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கடைக்காரர் ஆள் அனுப்புகிறேன் என்றார். "நான் பாக்காத வேலையா? ஆளெல்லாம் வேணாம் லா" என்று போனை வைத்துவிட்டார். கடைசியில் மகன் கிஷன்தான் வழி சொன்னான். "பெட்டியத் தூக்கி நீங்க உக்கார்ற எடத்துல வைங்கப்பா. பாட்டப் போட்டுட்டு, காதைத் தாழ்த்தி செவுரோரமா தவழ்ந்து போங்க. எங்க சத்தம் சுத்தமா நெறைஞ்சு கேக்குதோ, அங்க வச்சிருங்க."

மனைவி ரமணி மகள் வீட்டுக்குப் போயிருந்தது நல்லதாயிற்று. பார்த்திருந்தால் மானம் போயிருக்கும்.

கீழ்வீட்டில் யோகநாதன். யாழ்ப்பாண வழி வந்தவர், ரயில்வே ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். போன மாதம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தார். மேலே சத்தம் எழும்பினால் ஸ்டூலில் ஏறித் துடைப்பக்கட்டையால் கூரையைக் குத்துவார். படிக்கட்டில் பார்த்தால் கேட்பார்: "அய்யாவு, உம்மட வீட்டுக்குள்ள லோரி ஓடுதோ?"

"ஓடுது சார். ஏறிக்கிட்டீங்கன்னா பங்சார்ல எறக்கி விட்டுர்றேன்."

இரண்டு பேருக்கும் அதில் ஒரு சுகம்.

அன்றைக்கும் பாட்டு தொடங்கியதுமே கீழிருந்து குத்து விழுந்தது. அப்புறம் நின்றுவிட்டது. 'அடங்கிட்டாரு' என்று சிரித்துக்கொண்டு சத்தத்தை இன்னும் ஏற்றினார்.

ஜன்னல் மூலைக்கு வந்தபோது அடிச்சத்தம் அப்படியே நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. இதுதான் இடம். ஆனால் நடுவில் ஒரு 'டொக்'. தாளத்தோடு சேராத 'டொக்'. கண்ணாடி அலமாரி ஆடுகிறது என்று அதன் அடியில் துணி மடித்துச் செருகினார். மறுபடி 'டொக்'. அலமாரியில் இருந்த கோப்பைகளைத் தரையில் இறக்கினார். அதற்கும் அடங்கவில்லை. எந்தச் சனியன் ஆடுகிறது என்று பார்க்கப் பாட்டை நிறுத்தினார்.

நிசப்தம். அதில் 'டொக்'.

தரையில் காதை வைத்தார். கீழேயிருந்துதான் வந்தது, சுவரைப் பிடித்து ஏறி. இன்னொரு 'டொக்', முன்னதைவிடச் சோர்ந்து. அப்புறம் ஒன்றும் இல்லை.

அது யோகநாதனின் துடைப்பக்கட்டை என்று அய்யாவுக்குப் புரிந்தது. செருப்பில்லாமல் படியிறங்கி ஓடினார்.

யோகநாதன் வீட்டு மரக்கதவு திறந்திருந்தது. கிரில் பூட்டியிருந்தது. உள்ளே ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. யோகநாதன் ஒருக்களித்துக் கிடந்தார், ஒரு கால் கோணலாக. கை துடைப்பக்கட்டையைப் பிடித்திருந்தது, அதன் நுனி சுவரைத் தொட்டிருந்தது.

"சார்! யோகநாதன் சார்! சாவி எங்க?"

கிரில்லைப் பிடித்து உலுக்கினார். தூசிகூட உதிரவில்லை. எதிர்வீட்டு வீரம்மா ஓடிவந்து, "ஐயோ அண்ணே, என்னாச்சு?" என்றாள்.

"ஆம்புலன்சுக்குப் போன் அடி தாயி! சீக்கிரம்!"

மேலே ஏறி இரும்பறுக்கும் பேட்டரி கிரைண்டரை எடுத்து வந்தார். பெட்டிக்கு இடம் தேடி ஒரு மனுஷனைக் கொன்னுட்டேனா? பூட்டைச் சுற்றி இரும்புப் பெட்டி கட்டியிருந்தது, வெளியிலிருந்து யாரும் அறுக்க முடியாதபடி. கட்டினது வேறு யாருமில்லை, அவரேதான். கிரைண்டரைக் கீலில் வைத்தார். நெருப்புப் பொறி பறந்து காலில் விழுந்தது. கீல் அசையவில்லை. "எவன்டா இவ்ளோ கனமா போடச் சொன்னான்" என்று தன் கையைத் தானே திட்டினார். பொறிக்கு நடுவே உள்ளே அந்த விரல்கள் அசைகின்றனவா என்று பார்த்தார். அசையவில்லை. மேல் கீல் விட்டது. கீழ்க் கீல் பாதி அறுந்ததும் தோளால் மோதிக் கிரில்லைச் சாய்த்து உள்ளே விழுந்தார்.

மூச்சு இருந்தது. மெல்லிசாக.

ஆம்புலன்ஸ் வந்தது. இதயத் துடிப்பைக் கருவியில் பார்த்த பணியாளர் முகம் கொடுக்கவில்லை. இடுப்பு முறிந்திருக்கலாம், இதயமும் சரியில்லை என்று மலாயில் சொன்னார். "குடும்பமா?" என்று கேட்டார். அய்யாவு தலையாட்டி ஏறிக்கொண்டார்.

வண்டி நகர்ந்ததும் யோகநாதன் கண் திறந்தார். "தட்டினனான்... கேட்டதோ?"

கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "கேட்டுச்சு சார். அலமாரி ஆடுதுன்னு நெனச்சேன்."

யோகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். அய்யாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. கருவியின் சத்தம் மாறியது, பணியாளர் சட்டென்று குனிந்தார்.

"சார், தூங்கக்கூடாது. திட்டுங்க சார். எம்மேல கோவம் இருக்குல்ல, ஒரு வார்த்தை திட்டுங்க!"

உதடு அசைந்தது. அய்யாவு காதைத் தாழ்த்தி வாயருகே கொண்டு போனார்.

"விசரன்."

"ஆமா சார், கிறுக்கன்தான். இன்னும் சொல்லுங்க" என்றார் அய்யாவு, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "இன்னும் சொல்லுங்க."