மகளுக்காக முழுங்கிய மாத்திரை

என் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது சத்து மாத்திரை சாப்பிட்டவன் நான். இதைச் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். செத்துப் பிழைத்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

பாகூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நெல்லும் கரும்பும் உண்டு. ஒரே மகள், தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ரத்தம் கம்மி என்று சொல்லி, சுகாதார நிலையத்து நர்ஸம்மா சிவப்பு நிறத்தில் இரும்புச் சத்து மாத்திரையை அட்டை அட்டையாகக் கொடுத்தார். “வெளிக்கு கருப்பாப் போவும், அதுக்கெல்லாம் பயந்துக்கக் கூடாது” என்றும் சொல்லி அனுப்பினார். மகளுக்கோ மாத்திரையைக் கண்டாலே குமட்டல். “துருப்புடிச்ச ஆணிய நக்கற மாதிரி இருக்குதுப்பா” என்பாள். அவள் அம்மா விடுகிற ஆளா? காலி அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பாய் விரிப்பாள்.

ஒருநாள் மகள் என்னிடம் வந்து, “ப்பா, இத நீ முழுங்கிடேன்” என்றாள்.

தூக்கிப் போட்டிருக்கலாம்தான். எங்கே போடுவது? குப்பைக்குழியில் ஒரு ஸ்பூன் விழுந்தால்கூடக் கண்டுபிடித்து எடுத்து வருகிறவள் என் வீட்டுக்காரி. சத்தை வீணாக்கவும் எனக்கு மனசு வரவில்லை. கண்ணில் தண்ணீரோடு பெண் கேட்கிறாள், வாங்கி முழுங்கிவிட்டேன். அவளுக்கு முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் வாங்கிப் போட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது.

நர்ஸம்மா சொன்னபடியே கருப்பாகத்தான் போயிற்று. பயப்படவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. உடம்பில் சத்து பிடிக்கிறதல்லவா! போதாததற்கு முட்டிவலிக்கு வேறு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். மெடிக்கலில் போய் முட்டியைத் தொட்டுக் காட்டினால் போதும், சீட்டெல்லாம் கேட்க மாட்டார்கள். வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போனால் வலி இருந்த இடம் தெரியாது. எனக்கு எதுக்கு டாக்டர் என்று வேறு திமிர்.

கொஞ்ச நாளில் அந்தக் கருப்பு மாறியது. ரோட்டுக்கு ஊற்றுகிற தார் மாதிரி பளபளவென்று ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாது. நாற்றமோ, சொல்லி மாளாது. நான் கக்கூஸிலிருந்து வெளியே வந்தால் என் வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

“இன்னாத்ததான் தின்னுத் தொலைச்ச? எலி செத்த மாதிரி நாறுது!”

மகளைக் காட்டிக்கொடுக்க முடியுமா? “நல்லவாட்டுக் கடக்கரையிலேருந்து வந்த நண்டு” என்று புளுகினேன். அதோடு வீட்டில் நண்டு நின்றுபோனது. பொய்க்குக் கைமேல் பலன்.

அப்புறம் வரப்பில் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. வெயில் என்றேன். “உன் மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துக் கெடக்குது?” என்று என் வீட்டுக்காரி கேட்டபோது, “வயசாவ வயசாவ கலர் கூடுதுடி” என்று மீசையைத் தடவிக்கொண்டேன். எனக்கே இப்போது என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

மகளுக்கு மறுபடி ரத்தம் பார்க்கிற நாள் வந்தது. மூன்று பேரும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். கர்ப்பிணிகள் வரிசையில் அவளுக்கு இடம் பிடித்துக்கொண்டு நின்றவன், அங்கேயே மயங்கி விழுந்தேன். அந்த வரிசையில் அதுவரை எந்த ஆம்பளையும் விழுந்திருக்க மாட்டான்.

கண் விழித்தபோது கட்டிலில் கிடந்தேன். டாக்டரம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “வெளிக்கு கருப்பாப் போகுதா?” என்று கேட்டார். என் வீட்டுக்காரி பக்கத்திலேயே நிற்கிறாள். “நண்டு தின்னேம்மா” என்றேன்.

“பொய்!” என்று மகள் கத்திவிட்டாள். “என் சத்து மாத்திரைய எல்லாம் எங்கப்பாதான் சாப்புடறாரு டாக்டர். அதாலதானே கருப்பாப் போவுது? அவருக்கு ஒண்ணும் ஆவாதில்ல?”

என் வீட்டுக்காரிக்கு வாயடைத்துப் போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை.

“மாத்திரையால கருப்பாப் போகும், சரி” என்றார் டாக்டரம்மா. “தார் மாதிரி ஒட்டுதா? ரொம்ப நாறுதா? தலை சுத்துதா, மூச்சு வாங்குதா?” எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். “அப்ப அது சத்து மாத்திரை இல்லீங்க. வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சா அப்படித்தான் போகும். தலைசுத்தல், மூச்சு வாங்கறது வேற. அன்னிக்கே ஓடி வந்திருக்கணும். பீட்ரூட் தின்னுட்டு செவப்பாப் போச்சுன்னு பயந்து வர்றவங்கள நான் திட்டறதே இல்ல. வராம இருக்கறவங்களத்தான் திட்டுவேன்.” வேறு என்ன மாத்திரை என்று கேட்டார். சட்டைப்பையிலிருந்து முட்டிவலி மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வாய் வழியாக டியூப் விட்டுப் பார்த்து, வயிற்றில் புண், வெறும் வயிற்றில் போட்ட முட்டிவலி மாத்திரை செய்த வேலை, அதிலிருந்துதான் ரத்தம் கசிகிறது என்றார்கள். வைத்தியம் செய்து, ரத்தமும் ஏற்றினார்கள். மகளுக்கு ரத்தம் கம்மி என்று எல்லோரும் கவலைப்பட்டோமே, அவளைவிட எனக்குத்தான் கம்மி. கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் பேரப்பிள்ளையைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று அங்கிருந்த டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். பயந்துவிட்டேன். மூத்திரம் போகக்கூட ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலையில் படுத்துக்கொண்டு, பேரனோ பேத்தியோ, மூஞ்சி தெரியாத அந்தக் குழந்தையை நினைத்து அழுதேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது எனக்கும் இரும்புச் சத்து மாத்திரை எழுதினார்கள்! மறுபடி கருப்பாகப் போனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். “கருப்பா மட்டும் போனா மாத்திரையா இருக்கலாம். தார் மாதிரி ஒட்டினா, தலை சுத்தினா, நீங்களா யோசிக்காம வந்துடுங்க” என்றார் டாக்டர். முட்டிவலி மாத்திரையைத் தொடவே கூடாது என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்த அன்று சாப்பாடு முடிந்ததும் என் வீட்டுக்காரி எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு மாத்திரை வைத்தாள். இனிமேல் அட்டையெல்லாம் பார்க்க மாட்டாளாம், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டுமாம். நான் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. உள்ளங்கையைப் பார்த்தபடியே இருந்தாள்.

“ப்பா, நான் இத உங்கிட்ட குடுக்காம இருந்திருந்தா, கருப்பாப் போனதுமே நீ பயந்து போய் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்ப இல்ல?”

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். “அதெல்லாம் இல்லடி, நான் எங்க…” என்று ஆரம்பித்தேன்.

“போயிருப்பாருடி” என்றாள் என் வீட்டுக்காரி. “மொத நாளே போயிருப்பாரு. இப்ப முழுங்கு.”

அழுதுகொண்டே முழுங்கினாள். குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். துப்பவில்லை.